வில்லன் கிடைக்காத திரில்லர்

மூன்று வருடமாக ஒரு திரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க "மேற்குறித்த ஆதனம்" என்று தட்டுகிற விரலுக்கு ராத்திரியில் கொலை வருமா என்று என் கணவர் கேட்பார். கொலை வரவில்லைதான். துரத்தல் கொஞ்சம் வந்தது.

கதை இதுதான். கொழும்பு வடக்கில் ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் மலையகத்தை நினைக்கவேண்டாம். ஒரு குழாயையும் நாலு கக்கூசையும் நாற்பது வீடு பங்குபோடுகிற இடத்துக்கும் எங்கள் ஊரில் தோட்டம் என்றுதான் பெயர். அங்கே பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று. அவளுக்குக் கீழே ஒரு தங்கச்சி, ஒரு தம்பி. தாய் வெளிநாட்டில். தகப்பன் ஒரு நாள் வேலைக்கென்று போனவன் திரும்பி வரவில்லை. அது யாருக்கும் தெரியக்கூடாது. எத்தனை நாளைக்கு மறைக்கலாம்?

இந்த மாதிரி நாவல்களை ஒரு காலத்தில் தேடித் தேடி வாசித்தேன். டீ.ஆர். விஜேவர்தன மாவத்தை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் மூட்டையாக வாங்கி வருவேன். நாலைந்து வாசித்ததும் அச்சு பிடிபட்டுவிடும். பெரியவர்கள் எல்லாரையும்விடப் புத்திசாலியான ஒரு மூத்த பிள்ளை இருக்கும். அது வக்கீல் மாதிரிப் பேசும். நல்ல மனமுள்ள ஒரு கிழட்டுப் பொலிஸ்காரர் இருப்பார். கடைசி ஐம்பது பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு துவக்கு வந்து வெடித்துவிடும். எனக்கு அந்தத் துவக்கு பிடிக்காது. முந்நூறு பக்கமாக அந்தப் பிள்ளை பாணை எப்படிப் பங்குபோட்டாள் என்பதுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. துவக்கு வந்ததும் கதை வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. இவ்வளவு பேசுகிற நானே என் முதல் வரைவில் என்ன செய்தேன் தெரியுமா? குடு, அதாவது ஹெரோயின், விற்கிறவன் ஒருவனை வில்லனாக வைத்தேன். மோட்டார் சைக்கிள், தங்கச் சங்கிலி, புருவத்தில் வெட்டுக்காயம். வெட்டுக்காயத்துக்கு மட்டும் ஒரு பந்தி.

முதல் வரைவு 2022-இல் நடந்தது. திரில்லருக்கு அதைவிட நல்ல வருடம் கிடைக்குமா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவாகத் தாவியது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். சாமான் விலையை எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனால் முந்தினது பொய்யாகிவிடும். இருட்டு, வரிசை, பசி எல்லாம் தயாராக இருந்தன. கதைதான் நகரவில்லை.

காரணம், கைத்தொலைபேசி. 1929-க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. காசு கூடத் தேவையில்லை. அந்தச் சபை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1995-இல், தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பொறுப்பில் இருக்கிற பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் அதன்படி குற்றம், இரண்டு வருடம் முதல் பத்து வருடம் வரை சிறை. தாயை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் தடைகள் இருந்தன. 2013-இல் வந்த விதிப்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்குப் போகமுடியாது, பிறகுதான் அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். போகிறவர் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அதில் எழுதவேண்டியிருந்தது. கடதாசியில் அம்மம்மாவின் பெயர் இருக்கும், அடுப்படியில் மூத்த பிள்ளை நிற்கும். அதெல்லாம் நாவலுக்கு நல்ல தீனிதான். ஆனால் வாசிக்கிறவர் பத்தாம் பக்கத்திலேயே கேட்பார்: ஏன் இந்தப் பிள்ளை ஒருவரிடமும் சொல்லவில்லை? என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத இடத்தில்தான் வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

வரைவை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது, மட்டக்குளியில் இருக்கிறார், தையல் வேலை. நாவல் வாசிக்கிற ஆள் இல்லை. இரண்டு கிழமை கழித்து வீட்டுக்கு வந்தார். பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கேட்டார்:

"இந்தப் பிள்ள என்னத்துக்கு இவ்வளவு கதைக்குது?"

"கதைக்காட்டி வாசிக்கிற ஆளுக்கு எப்படிக்கா விளங்கும்?"

"வாயத் திறந்தா மாட்டிக்குவாளே. அவ கதைக்க மாட்டா. கேட்டா மட்டும் சொல்லுவா, அதுவும் ஒரு சொல்லுதான்." கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சங்கிலி போட்டவன் தேவையில்ல. கெட்டவனுக்கு என்ன பயம்? காசு இல்லன்னா தூஷணத்துல ஏசிட்டுப் போயிடுவான். பயமெல்லாம் நல்ல ஆக்களுக்குத்தான்."

இவ்வளவும் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கற்பனை செய்த கதையை அக்கா திருத்தவில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1989-இல் அம்மா குவைத்துக்குப் போனார். அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஐந்து, தம்பிக்கு மூன்று. கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் நாட்கூலி. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அதற்கு மேல் எனக்கிருந்த நினைவுகள் எல்லாமே சந்தோசமானவை. பழைய கொப்பித் தாளில் பேப்பர் பை ஒட்டி விளையாடியது. பசைக்குக் காய்ச்சிய கோதுமை மாவில் மிச்சத்துக்குச் சீனி போட்டுச் சாப்பிட்டது. பள்ளிக்கூடம் போகாமல் பல நாள் வீட்டிலேயே இருந்தது. கேட்டால், எங்களுக்கு நல்ல சின்ன வயசு, அம்மா இல்லாவிட்டாலும் அக்கா இருந்தா என்றுதான் நாற்பது வயதுவரை சொல்லிவந்தேன்.

பேப்பர் பை விளையாட்டு இல்லையாம். நூறு பை ஒட்டிக் கடையில் கொடுத்தால்தான் அன்றைக்குப் பாண்.

1990 ஜூனில் வடக்கு கிழக்கில் சண்டை திரும்பவும் தொடங்கியது. கொழும்புத் தமிழருக்கு அதன் அர்த்தம் இரவில் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்பது. ஜூலையில் அப்பா வேலைக்கென்று போனவர் வரவில்லை. பொலிசில் போய்க் கேட்கலாமா? ஒரு தமிழ் ஆளைக் காணவில்லை என்று அந்த வருடத்தில் பொலிசுக்குப் போவது பதினொரு வயதுப் பிள்ளைக்கு மட்டுமில்லை, யாருக்குமே லேசான காரியம் இல்லை. ஒகஸ்ட் 2-ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் போனது. அன்றோடு அம்மாவின் காசும் நின்றது, கடிதமும் நின்றது. சட்டக்கோவையில் 308அ அப்போது இல்லை. 1929 இல்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தேடி வரவேண்டும் என்ற கட்டாயக் கல்வி விதியும் இல்லை, அது 1998-இல்தான் நடைமுறைக்கு வந்தது. என் நாவலின் பெரிய ஓட்டை அந்த வருடத்தில் தானாகவே அடைபட்டுவிட்டது.

(அப்பாவைப் பொலிஸ் பிடிக்கவும் இல்லை, அவர் காணாமல் போகவும் இல்லை. நீர்கொழும்பில் இருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.)

அன்றைக்கு அக்கா சொன்னவற்றில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன், அவரைக் கேட்டுவிட்டுத்தான். முதலாவது சாரம். தோட்டத்தில் எல்லாருடைய துணியும் ஒரே கம்பியில்தான் காயும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கம்பி சொல்லிவிடும். ஆகவே அக்கா கிழமைக்கு இரண்டு தரம் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சாரத்தையும் ஒரு சேட்டையும் நனைத்துப் பிழிந்து காயப்போடுவார். அழுக்கில்லாத துணி. சவர்க்காரம் வீணாகக்கூடாது என்று வெறும் தண்ணீரில். சாயந்தரம் மடித்து உள்ளே வைப்பார், நாலு நாள் கழித்துத் திரும்பவும் நனைப்பார். ஒரே சாரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் சந்தேகம் வருமே என்று, ஒரு தரம் அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்து இன்னொரு சாரம் மாதிரி மடித்துத் தொங்கவிட்டாராம். இரவு ஏழு மணிக்குச் செய்தி நேரத்தில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அடுப்பில் எதுவும் இல்லாத நாளில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு செத்தல் மிளகாயும் நாலு கறிவேப்பிலையும் போட்டுத் தாளிப்பார். தாளித்த வாசம் போதும், பக்கத்து வீட்டில் யாரும் வந்து "என்ன, இன்னைக்கு ஆக்கல்லயா?" என்று கேட்கமாட்டார்கள்.

அந்த வாசம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிட்டதாகத்தான் நினைவு.

இரண்டாவது, பெட்டரி. தம்பிக்கு நாலு வயது, எலும்பும் தோலும். கிளினிக்கில் நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷா கொடுப்பார்கள். 1973-இலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்த மா அது. எங்கள் வீட்டில் மூன்று பேரும் அதைத்தான் உருண்டை பிடித்துச் சாப்பிட்டோம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அக்காதான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். இங்கேதான் சிக்கல். நிறை சரியாக இருந்தால் திரிபோஷா நின்றுவிடும். நிறை மிகவும் குறைந்தால் மிட்வைஃப் வீடு தேடி வருவார். வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்தது. ஆக, தம்பியின் நிறை கோட்டுக்குக் கீழேயும் இருக்கவேண்டும், போன மாதத்தைவிட இறங்கியும் இருக்கக்கூடாது. அந்த மாதம் அவன் இறங்கித்தான் இருந்தான். தூக்கிப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோவுக்குப் போடுகிற பெரிய பெட்டரி இரண்டைக் கழற்றி அவனுடைய காற்சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு கைலேஞ்சியைத் திணித்து, "உள்ள ஒரு ஆள் தூங்குறார், தொட்டா எழும்பிடுவார்" என்று சொல்லி வைத்தாராம். தராசில் தொங்கிக்கொண்டிருந்தபோது தம்பி மிட்வைஃபிடம் மெதுவாகச் சொன்னானாம்: "மிஸ், தொடாதீங்க, தூங்குறார்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. கார்ட்ல எழுதினாங்க. ஒரு பெக்கட் கூடவே தந்தாங்க." 

அந்த மிட்வைஃபுக்குத் தெரிந்திருக்குமா? அக்கா தோளைக் குலுக்கினார். நான் மூன்று நாள் அதையே யோசித்தேன். நாவலில் அந்தப் பெண் இப்போது முக்கியமான ஆள்.

நான் வாசித்த எந்தத் திரில்லரிலும் இந்த மாதிரி ஒரு காட்சி கிடைக்கவில்லை. இதில் யாரும் யாரையும் துரத்தவில்லை, ஆனால் அக்கா சொல்லச் சொல்ல என் கை வேர்த்தது. அக்கா பயந்தது பட்டினிக்கு இல்லை. பக்கத்து லேனில் ஒரு அன்ரி இருந்தாராம், தங்கமான மனுசி. அடிக்கடி வந்து தலையைத் தடவி, "ஏதாவது பிரச்சினையெண்டா சொல்லு மகள், நல்ல ஹோம் இருக்கு, அங்க சேத்துவிடலாம்" என்பாராம். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரு ஹோம், ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வேறொரு ஹோம். எங்கள் இருவரையும் ஓரிடத்திலும் தம்பியை வேறிடத்திலும் விடுவார்கள் என்று அக்காவுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அவன் ராத்திரியில் அக்காவின் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். அவ்வளவுதான் காரணம். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்ற கேள்விக்கு மூன்று வருடமாக நான் தேடிய பதில் ஒரு காது.

சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி நல்லதங்காள் கதை சொல்லுவார். பஞ்சம், அண்ணன் வீடு, மூளி அலங்காரி கதவைச் சாத்துவது, ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுவது. பாட்டி சொன்னபடி மூத்த பையன் மட்டும் தப்பி ஓடுவான், "என்னைக் கொல்லாதேம்மா" என்று கெஞ்சுவான், அவனையும் பிடித்துவந்து போடுவாள். தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் நல்லதங்காளுக்காக அழுவார்கள். அக்கா மட்டும் ஒரு நாள் பாட்டியிடம் கேட்டாராம்: அவன் ஓடினபோது சின்னதுகளில் ஒன்றையாவது ஏன் தூக்கிக்கொண்டு ஓடவில்லை? பாட்டி கோபப்பட்டு, கதையில் இல்லாததைக் கேட்காதே என்றாராம். என் நாவலின் முதல் வரி இப்போது அந்தக் கேள்விதான்.

அம்மா அந்த ஒக்டோபரில் திரும்பி வந்தார். குவைத்திலிருந்து ஈராக் வழியாகப் பாலைவனம் கடந்து ஜோர்தான், அங்கிருந்து விமானம். ஆயிரக்கணக்கான இலங்கைப் பெண்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். சூட்கேஸ், சம்பளம், எங்களுக்கு வாங்கிய சாமான் எல்லாம் அங்கேயே போய்விட்டது. ஒரு துணிப்பையில் பாஸ்போட்டும் எங்கள் குரல் பதிந்த ஒரு கெசட்டும் மட்டும் இருந்தன.

அந்தக் கெசட் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்போதெல்லாம் குவைத்துக்குக் கடிதத்தைவிடக் கெசட்தான் வழக்கம். யாராவது ஊரிலிருந்து போகும்போது கையில் கொடுத்துவிடுவோம். அம்மா செத்த பிறகு அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை, புறக்கோட்டையில் ஒருவர் பழுதுபார்த்து வைத்திருந்த பழைய செட் ஒன்றை வாங்கிவந்தேன். ஜூலையில் பதிவுசெய்தது. முதலில் அக்காவின் குரல்: "அம்மா, நாங்க நல்லா இருக்கிறோம். அப்பாவும் நல்லா இருக்கிறார்." அப்புறம் டக். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஒன்றைக் கத்துகிறேன். டக். அக்கா திரும்பவும், இந்தத் தரம் தொண்டை கட்டியிருக்கிறது. டக்.

ரேடியோவின் ரெக்கோர்ட் பட்டனை நிறுத்தி நிறுத்தி அழுத்துகிற சத்தம் அது. எண்ணிப் பார்த்தேன், பதினாலு. முதல் தரம் கேட்டபோது பழைய டேப் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அக்காவின் கதையைக் கேட்ட பிறகு வேறு காதால் கேட்டேன். ஒரு டக்குக்கு முன்னால் புனித லூசியா கோயில் மணி அடிக்கிறது, பின்னால் கூரையில் மழை பெய்கிறது. பத்து நிமிசக் கெசட்டை அக்கா இரண்டு மூன்று நாளாகப் பதிந்திருக்கிறார். ஓரிடத்தில் மட்டும் விரல் பிந்திவிட்டது. தம்பி சொல்கிறான்: "அம்மா, அப்பா இன்னும் வர" — டக். அடுத்த வசனம் அக்காவுடையது: "தம்பிக்கு நித்திரை வருதாம்."

நாவலைப் பற்றிக் கதைக்கவென்றே போன கிழமை அக்கா வீட்டுக்கு அந்தச் செட்டைக் கொண்டுபோனேன். முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை, கையில் சேட்டுக்குக் காஜா போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அம்மா வந்த அண்டு ராவு நீங்க ரெண்டு பேரும் தூங்கிட்டீங்க" என்று தொடங்கினார்.

அம்மா எதையும் விசாரிக்கவில்லையாம். அப்பா எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. பையிலிருந்து கெசட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல நடுவுல நடுவுல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது என்ன?" என்று மட்டும் கேட்டாராம்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"ரேடியோ பழுதுன்னு சொன்னேன்."

அம்மா தலையை ஆட்டினாராம். அடுத்த நாள் காலையில் ரேடியோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அக்காவையும் கையில் பிடித்துக்கொண்டு ஜம்பட்டா வீதியில் ஒரு திருத்துகிற கடைக்குப் போனாராம். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார், புதுப் பெட்டரி போட்டுப் பார்த்தார், வெறும் கெசட் ஒன்றைப் போட்டு ஏதோ பேசிப் பதிந்தும் பார்த்தார். இதில் ஒரு பழுதும் இல்லையே நோனா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா பேசவில்லை, பிடித்த கையையும் விடவில்லை.